எது நொறுங்க வேண்டும்?

கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி, அதாவது நாற்பதரை மீட்டர். அதன் உச்சியிலிருந்து ஒரு கல் விழுந்தால் கீழே வந்து சேர மூன்று விநாடிகூட ஆகாது. தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். நூறில் போகிற கார் பாறையில் மோதுவதும், அதே கார் வள்ளுவர் தலைக்கு மேலிருந்து மூக்கு கீழாக விழுவதும் இயற்பியல் கணக்கில் ஒன்றுதான். வேகம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்காகும். இருநூறில் போகிறவர் நான்கு வள்ளுவர்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி உச்சியில் உட்கார்ந்திருக்கிறார். இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பல, நின்ற இடத்திலிருந்து அந்த உச்சிக்குப் பத்து விநாடிக்குள் ஏறிவிடுகின்றன.

ஸ்ரீநகரில் தொடங்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை முடிவது எங்கள் மாவட்டத்தில். மேற்குக் கடற்கரையோரமாக வரும் 66ஆம் எண் சாலையும் இங்கேதான் வந்து சேர்கிறது. அதனால் விலை உயர்ந்த கார் வாங்கியவர்கள் அதைக் கன்னியாகுமரிவரை ஓட்டிவந்து கடலோரம் நிறுத்திப் படமெடுப்பது வழக்கமாகிவிட்டது. ஞாயிறு காலையில் பார்க்கலாம். கேரளப் பதிவெண், கர்நாடகப் பதிவெண், சிவப்பு, மஞ்சள், தவளைப் பச்சை. கூட்டம் கூடும். விலை என்ன, மைலேஜ் என்ன என்று கேட்பார்கள். மைலேஜ் கேட்காமல் ஒரு காரை விட்டுவிட நம் ஆட்களால் முடியாது. கடைசியில் கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் தீர்ப்பு சொல்வார்: “பார்க்க அழகுதான் மக்களே. ஆனால் எல்லாம் பிளாஸ்டிக். ஒரு இடி இடித்தால் தூள்தூளாகிவிடும். அந்தக் காலத்து வண்டி என்றால் இரும்பு!”

இந்தத் தீர்ப்போடு எனக்கு நீண்டகாலப் பகை உண்டு. விபத்தில் சிக்கிய வாகனங்களைப் பார்த்துச் சேதத்தைக் கணக்கிட்டு இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கு அறிக்கை தருவது என் தொழில். சர்வேயர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டால் பட்டா மாற்றித் தருவீர்களா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அளப்பது நிலத்தை அல்ல, நசுங்கிய தகரத்தை.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பட்டறைகளிலும் காவல் நிலைய வளாகங்களிலும் கிடக்கும் வண்டிகளைப் பார்க்கப் போகும்போது முன்பக்கத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் கை போவது ஓட்டுநர் கதவுக்கு. கதவுக்கும் முன் தூணுக்கும் இடையே உள்ள கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இருக்கிறதா, கைப்பிடியை இழுத்தால் முனகாமல் திறக்கிறதா என்று பார்ப்பேன். பானெட்டும் ரேடியேட்டரும் அடையாளம் தெரியாமல் போயிருந்தும் கதவு சுலபமாகத் திறந்தால், உள்ளே இருந்தவர் பெரும்பாலும் வீட்டில் கட்டுப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவரே எனக்குப் போன் செய்து பணம் எப்போது வரும் என்று கேட்பார். முன்பக்கம் அவ்வளவாக அடிபடாமல், கதவைக் கம்பி போட்டு நெம்பித் திறந்திருந்தால், போனில் பேசுவது வேறு யாராவதாக இருக்கும்.

தக்கலைப் பக்கம் ஒரு டிங்கரிங் மேஸ்திரி இருக்கிறார். கைவேலையில் மன்னர். பட்டி பார்த்து முடித்தால் எது பழைய தகடு, எது ஒட்டுப்போட்டது என்று எனக்கே தெரியாது. அவரும் அந்தப் பெரியவரின் கட்சிதான். “சார், இந்தப் புது வண்டியின் பம்பரைப் பாருங்கள், விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. அம்பாஸிடர் பம்பரை நீங்கள் சுத்தியலால் அடித்தாலும் ஒன்றும் ஆகாது” என்பார். அம்பாஸிடர் பம்பருக்கு ஒன்றும் ஆகாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அந்த அடி பிறகு எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

ஆஸ்திரியாவில் பிறந்த பேலா பரெனி என்ற பொறியாளர் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார். மெர்சிடிஸ் பென்ஸில் வேலை பார்த்த அவர் 1951இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். காரின் நடுப்பகுதி, அதாவது ஆட்கள் உட்காரும் கூண்டு, வளையவே கூடாது; அதற்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் வளைந்தே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். கார் முழுவதும் கெட்டியாக இருப்பதே நல்லது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த யோசனை முழுமையாக ஒரு விற்பனைக் காரில் வந்தது 1959இல். அதே ஆண்டு வோல்வோவில் நில்ஸ் போலின் மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொடுத்தார். அவர் அதற்கு முன் போர் விமானங்களுக்கு விமானியை வெளியே எறியும் இருக்கைகள் செய்துகொண்டிருந்தவர். எறிவதில் தேர்ந்தவர்தான் இழுத்துப் பிடிப்பதையும் கண்டுபிடித்தார்.

மேஸ்திரிக்கு ஒருநாள் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கணக்குப் போட்டுக் காட்டினேன். மணிக்கு 64 கிலோமீட்டரில் கார் மோதுகிறது. முன்பக்கம் 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால் 70 கிலோ எடையுள்ள மனிதர்மேல் விழும் சராசரி விசை ஏறக்குறைய 1.9 டன். பெல்ட்டும் ஏர்பேக்கும் இருந்தால் உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். கார் 10 சென்டிமீட்டர் மட்டுமே நசுங்குகிற அளவுக்குக் கெட்டியாக இருந்தால் அதே மனிதர்மேல் 11 டன்னுக்கு மேல். மேஸ்திரி சற்று நேரம் பார்த்துவிட்டு, “அப்படியானால் நசுங்குவதற்குத்தான் காசு வாங்குகிறார்களா?” என்றார். ஆமாம், அதற்குத்தான்.

இதைக் கணக்கில்லாமல் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்சூரன்ஸ் கழகம் தன் ஐம்பதாம் ஆண்டுக்காக நடத்திய சோதனையைப் பார்க்கலாம். 1959ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏர், 2009ஆம் ஆண்டு செவர்லே மாலிபு. இரண்டையும் 64 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே, ஓட்டுநர் பக்கம் மட்டும் மோதும்படி விட்டார்கள். பழைய காரின் கண்ணாடி கழன்றது, கதவு திறந்துகொண்டது, ஸ்டீயரிங் ஓட்டுநரை நோக்கி வந்தது. உள்ளே இருந்த பொம்மை ஆளாக இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருப்பார். புதிய காரில் இருந்தவர் காலில் காயத்தோடு தப்பியிருப்பார். “அந்தக் காலத்து இரும்பு” தோற்ற இடம் அது.

அது குடும்பக் கார். அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றின் உடம்பில் இரும்புகூடக் கிடையாது. அவற்றின் அழகே மெலிவில்தான் இருந்தது. எடையைக் குறை, இன்னும் குறை என்பதுதான் பொறியாளரின் வேலை. 1953இல் வந்த செவர்லே கார்வெட் கண்ணாடியிழை உடம்போடு வந்தது. அலுமினியத் தகடு போர்த்திய போர்ஷே 550 ஸ்பைடரின் எடை ஏறக்குறைய 550 கிலோதான். 1955 செப்டம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் நடிகர் ஜேம்ஸ் டீன் அந்தக் காரில்தான் இறந்தார். எதிரே திரும்பிய ஃபோர்டு கார் இரு மடங்குக்கும் மேல் எடை. டீன் காருக்குள் சிக்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்த மெக்கானிக் வெளியே தூக்கியெறியப்பட்டுப் பலத்த காயங்களோடு பிழைத்தார். இந்த மாதிரி ஒரு கதையை வைத்துத்தான் அந்தக் காலத்துப் பந்தய வீரர்கள், மோதலில் வெளியே விழுந்தால் தப்பலாம், பெல்ட் போட்டால் தீயில் வெந்து சாக வேண்டியதுதான் என்று நம்பினார்கள். தப்பித்தவன் கதை சொல்வான். விழுந்து கழுத்து முறிந்தவன் சொல்ல வரமாட்டான்.

ஆனால் அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. தீ உண்மையாகவே இருந்தது. 1955 ஜூன் 11 அன்று லெ மான் பந்தயத்தில் பியர் லெவேயின் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூட்டத்தை நோக்கிப் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் காரின் உடம்பு மெக்னீசியக் கலவை. பற்றிக்கொண்டால் வெள்ளையாக எரியும், தண்ணீர் விட்டால் இன்னும் எரியும். எடை குறைக்கத் தேர்ந்தெடுத்த உலோகம் அது.

1966இல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்தில் ஜாக்கி ஸ்டூவர்ட் பாதையை விட்டு விலகி மோதிய காருக்குள் பெட்ரோலில் ஊறிக்கொண்டு சிக்கிக் கிடந்தார். ஸ்டீயரிங்கைக் கழற்றினால்தான் அவரை எடுக்க முடியும். கழற்ற ஸ்பேனர் இல்லை. பார்வையாளர் ஒருவரிடம் கடன் வாங்கிக் கழற்றினார்கள். அதற்குப் பிறகு அவர் தன் காரின் ஸ்டீயரிங்கில் ஒரு ஸ்பேனரை டேப் போட்டு ஒட்டிக்கொண்டே பந்தயத்துக்குப் போனார். பந்தயப் பாதுகாப்புக்காகப் பேசிப் பேசிப் பலருக்கு வேண்டாதவரும் ஆனார்.

அந்தக் கால ஸ்டீயரிங் எப்படிப்பட்டது என்பதை எனக்குக் காட்டியது குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியின் கார். 1950களில் இங்கிலாந்தில் செய்த இரண்டு இருக்கை வண்டி. தயாரிப்பாளரின் பெயரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். அப்பா காலத்து வண்டியை மறுபடி ஓடவைக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் கொண்டுவந்து விட்டிருந்தார். மேஸ்திரி ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கின்மேல் வரிசையாக வைத்திருந்தார். அதில் ஸ்டீயரிங் தண்டும் இருந்தது. ஒரே உருக்குக் கம்பி. மூட்டு இல்லை, மடிப்பு இல்லை, நடுவில் நசுங்கிக்கொடுக்கும் வலைக்குழாய் இல்லை. கையில் எடுத்தால் உலக்கைக்கு இருக்கிற கனம். அதன் ஒரு முனை போய்ச் சேரும் பெட்டி முன் சக்கரங்களுக்கும் முன்னால், பம்பரை ஒட்டி இருக்கிறது. மறுமுனை ஓட்டுநரின் நெஞ்சுக்கு நேராக, கால் மீட்டர் தள்ளி. முன்பக்கம் ஒரு சாண் உள்ளே போனால் கம்பியும் ஒரு சாண் உள்ளே வரும், வேறு வழியே இல்லை. நடுவில் இருப்பது மெல்லிய மூன்று கம்பி வைத்த அழகான சக்கரம். அண்ணாச்சி அதைத் தடவிப் பார்த்து, “என்ன வேலைப்பாடு பார்த்தீரா?” என்றார். பார்த்தேன்.

போர்ஷே 911 1960களின் நடுவில் வந்தபோது அதன் ஸ்டீயரிங் தண்டு இரண்டு மூட்டுகளோடு வளைந்து போனது. முன்பக்கம் நசுங்கினால் தண்டு நேராக நெஞ்சுக்கு வராமல் மடியும். அமெரிக்காவில் 1960களின் இறுதியில் மடியும் தண்டு கட்டாயமானது. உயிர் காத்தவற்றில் பாதி இப்படிச் சத்தமில்லாதவை. விளம்பரத்தில் வராது.

கதவைச் சொல்லாமல் விட்டால் குறையாக இருக்கும். 1954இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரின் கதவுகள் இறக்கை விரிப்பதுபோல மேலே திறக்கும். அழகுக்காகச் செய்ததில்லை. குழாய்களைப் பின்னிச் செய்த சட்டம் பக்கவாட்டில் உயரமாக இருந்ததால் சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. கார் தலைகீழாகக் கவிழ்ந்தால் அந்தக் கதவு எங்கே திறக்கும்? 2010இல் அதே நிறுவனம் அதே மாதிரிக் கதவோடு எஸ்எல்எஸ் ஏஎம்ஜி காரைக் கொண்டுவந்தபோது கீல்களில் சிறு வெடிமருந்து ஆணிகளை வைத்தது. கார் கவிழ்ந்து நின்றால் அவை வெடித்துக் கதவைக் கழற்றிவிடும். அதே அழகு, ஆனால் இந்த முறை உள்ளே இருப்பவரையும் யாரோ நினைத்திருக்கிறார்கள்.

பெரிய திருப்பம் 1981. மெக்லாரன் பந்தய அணி காரின் கூண்டைக் கார்பன் இழையில் செய்தது. அலுமினியத்தை விட்டு இந்தக் கறுப்புத் துணியை நம்புவதா, இடித்தால் தூசாகிவிடும் என்று பந்தய உலகிலேயே பேச்சு இருந்தது. அங்கேயும் நம் பெரியவர்கள்! அந்த ஆண்டு இத்தாலியின் மோன்சாவில் ஜான் வாட்சன் தடுப்பில் மோத, இன்ஜின் தனியே பிய்த்துக்கொண்டு போனது. வாட்சன் இறங்கி நடந்து போனார். பேச்சு நின்றது.

நம் ஊர்க்காரர் கதையும் இதில் உண்டு. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரர், கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஷாங்காய் பந்தயத்தில் சுவரில் மோதினார். ஜோர்டான் அணியின் கார் சிதைந்தது, அவர் காயமில்லாமல் வெளியே வந்தார். முப்பது ஆண்டு முன்னால் அதே வேகத்தில் அதே சுவர் என்றால் நாளிதழ்களில் வேறு செய்தி வந்திருக்கும். 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரொமான் குரோஜான் மணிக்கு 192 கிலோமீட்டரில் இரும்புத் தடுப்பில் மோதியபோது கார் இரண்டாகப் பிளந்தது, முன்பாதி தடுப்பைத் துளைத்துக்கொண்டு நின்றது, தீப்பிடித்தது. அரை நிமிடத்துக்குள் அவர் தீக்குள்ளிருந்து தானாக ஏறி வெளியே வந்தார். கையில் தீக்காயம். தலைக்கு மேல் வளையமாக நிற்கும் டைட்டானியச் சட்டம் 2018இல்தான் கட்டாயமாகியிருந்தது. வந்த புதிதில் அதை அசிங்கம் என்று திட்டாதவர்கள் குறைவு. அந்தக் காணொளியை எனக்கு அனுப்பிய உறவினர், “பார்த்தாயா, இரண்டாக உடைந்துவிட்டது, தரமில்லாத வண்டி” என்று எழுதியிருந்தார். உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது, உடையக் கூடாத கூண்டு உடையவில்லை. இதற்கு மேல் தரம் என்று எதைச் சொல்வது?

சாலையில் ஓடும் விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களும் இதே வழியில் வந்தவைதான். 1992இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1 முதலில் கார்பன் கூண்டைச் சாலைக்குக் கொண்டுவந்தது. 2011இன் லம்போர்கினி அவென்டடோரின் கூண்டு எடை 147.5 கிலோதான். கார்பன் இரும்புபோல மடியாது, தாங்கும்வரை தாங்கிப் பிறகு சில்லுசில்லாகத் தெறிக்கும். அதனால் கூண்டுக்கு முன்னும் பின்னும் நசுங்குவதற்கென்று அலுமினியச் சட்டங்களை போல்ட் போட்டு மாட்டுகிறார்கள். எங்கள் தொழிலில் இது தலைவலி. அலுமினியச் சட்டம் போனால் மாற்றிவிடலாம். கூண்டில் மயிரிழை விரிசல் விழுந்தால் வெளியே தெரியாது, மேஸ்திரி தட்டிப் பார்க்கும் சத்தத்திலும் பிடிபடாது, ஒலியலைக் கருவி வைத்துத் தேட வேண்டும். கிடைத்தால் பெரும்பாலும் டோட்டல் லாஸ், அதாவது பழுது பார்த்துப் பயனில்லாத முழு இழப்பு.

இவ்வளவு இருந்தும் இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு நட்சத்திர மதிப்பெண் கிடையாது. சட்டம் கேட்கும் மோதல் சோதனைகளைத் தாண்டி வருகின்றன, ஆனால் மக்களுக்காக மோதிப் பார்த்து மதிப்பெண் போடும் அமைப்புகள், அதிகம் விற்காத, கோடிகளில் விலை வைத்த வண்டியை வாங்கி உடைப்பதில்லை. கொஞ்சம் விலை குறைந்தவற்றைச் சோதித்தபோது சில வேடிக்கைகள் வெளியே வந்தன. 2017இல் ஃபோர்டு மஸ்டாங் ஐரோப்பியச் சோதனையில் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் மட்டுமே வாங்கியது. ஏர்பேக் போதுமான அளவு விரியவில்லை, பின் இருக்கைப் பயணி பெல்ட்டுக்கு அடியில் சறுக்கிப் போனார், தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி ஐரோப்பாவில் இல்லை. திருத்தி வந்த பிறகு மூன்று. அடுத்த ஆண்டு டிசம்பரில் நம் டாடா நெக்ஸான் குளோபல் என்கேப் என்ற உலக அமைப்பின் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து வாங்கியது. இரண்டு சோதனைகளின் விதிகள் ஒன்றல்ல என்பதால் மஸ்டாங்கைவிட நெக்ஸான் பாதுகாப்பானது என்று நான் எழுதப் போவதில்லை. கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் போகும் வண்டிக்கு இருக்கிற சான்று, கடற்கரையில் கூட்டம் கூட்டும் வண்டிக்கு இல்லை என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

மோதிய பிறகு காப்பாற்றுவது ஒன்று. மோதாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. பழைய 911 டர்போவைப் பற்றி இன்றும் பயத்தோடு பேசுவார்கள். இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால். வளைவில் வேகம் அதிகமாகிவிட்டதென்று பயந்து காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்தால் எடை முன்னால் சாய, பின் சக்கரங்களின் பிடி குறைந்து வண்டி பின்பக்கமாகச் சுழலும். மனிதனுக்கு இயல்பாக வருகிற பயம்தான் அங்கே வினை. 1995இல் மெர்சிடிஸில் முதலில் வந்த மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதற்கேற்பத் தனித்தனியாகப் பிரேக் பிடித்து வண்டியை நேராக்குகிறது. அதன் அருமையை உணர்த்திய கார் முதல் ஆடி டிடி. அதிவேகத்தில் நிலை தவறிய விபத்துகளுக்குப் பிறகு, விற்ற கார்களைத் திரும்ப வரவழைத்து இந்தக் கட்டுப்பாட்டையும் பின் இறக்கையையும் பொருத்தினார்கள்.

போர்ஷே கரேரா ஜிடியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கார்பன் கூண்டு உண்டு, 600 குதிரைத்திறனுக்கு மேல் உண்டு. 2013 நவம்பர் 30 அன்று நடிகர் பால் வாக்கர் அதில் பயணியாக இருந்து இறந்தார். வேகமே காரணம் என்றது காவல்துறை. டயர்களுக்கு ஒன்பது வயது என்றும் கண்டறிந்தார்கள். நான் எந்தக் காரைப் பார்த்தாலும் டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் படிப்பது இதனால்தான். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. எப்போதாவது ஓடும் ஸ்போர்ட்ஸ் காரின் டயர் தேயாது, பட்டன்கள் புதிதாகவே இருக்கும், ரப்பர் மட்டும் உள்ளே இறுகிவிடும். எங்கள் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். இறுகிய ரப்பரும் முதல் மழையும் சந்திக்க இங்கே ஆண்டுக்கு இரண்டு வாய்ப்பு. ரப்பர் விளைகிற ஊரில் ரப்பரைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியிருப்பது வேறு விஷயம்.

உப்புக் காற்றும் இருக்கிறது. குளச்சல், முட்டம் பக்கம் வீட்டு வாசலில் நிற்கும் பழைய வண்டியின் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிச் சட்டத்தை ஸ்குரூ டிரைவரால் லேசாகக் குத்திப் பாருங்கள். வெளியே பெயிண்ட் பளபளக்கும், முனை உள்ளே இறங்கிவிடும். பழைய ஸ்போர்ட்ஸ் காரின் வலிமையில் பெரும்பங்கு அந்தச் சட்டத்தில்தான், ஏனென்றால் மேலே கூரை கிடையாது.

கடைசியாக, எந்தச் சோதனைக் கூடத்திலும் இல்லாத ஒன்று எங்கள் சாலையில் இருக்கிறது. பாறையும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் டாரஸ் லாரிகள். அவற்றைப் பற்றி மாவட்டத்தில் புலம்பாத ஆள் இல்லை, நான் புதிதாகப் புலம்பவில்லை. அவென்டடோரின் மொத்த உயரம் 1.14 மீட்டர். பாரம் ஏற்றிய லாரியின் பின்பக்கச் சட்டம் ஏறக்குறைய அந்தக் கூரை உயரத்தில் இருக்கிறது. விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்னால் தாழ்ந்த கார் போய் விழுந்தால், நசுங்குவதற்கென்று கவனமாகச் செய்த முன்பக்கம் லாரிக்கு அடியில் காற்றைத்தான் தொடும். முதலில் மோதுவது கண்ணாடித் தூண். பரெனியின் யோசனை முழுவதும் அங்கே பயனற்றுப் போகிறது. 1967இல் ஹாலிவுட் நடிகை ஜேன் மான்ஸ்ஃபீல்ட் பயணித்த கார் லாரித் தொடருக்கு அடியில் புகுந்து அவர் இறந்தார். லாரிகளின் பின்னால் தாழ்வாகத் தொங்கும் தடுப்புக் கம்பிக்கு அமெரிக்காவில் இன்றும் அவர் பெயர். நம் நாட்டிலும் அந்தக் கம்பி இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு மாலை ஆரல்வாய்மொழிச் சாலையில் நின்று வருகிற லாரிகளின் பின்பக்கத்தைப் பாருங்கள். வளைந்தது, மேலே தூக்கிக் கட்டியது, துருப்பிடித்து ஒரு பக்கம் தொங்குவது என்று எல்லா வகையும் இருக்கும். முப்பந்தல் காற்றில் கார் ஒரு முழம் நகர்ந்தால் பதறுகிறவர்கள், எதிரே நிற்கும் அந்த இரும்பைப் பார்த்துப் பதறுவதில்லை.

குலசேகரம் அண்ணாச்சியின் வண்டிக்கு வருகிறேன். மூட்டு வைத்த, மடியும் தண்டு ஒன்றைப் பொருத்த மேஸ்திரி வழி கண்டுபிடித்துவிட்டார். பழைய தண்டை அண்ணாச்சி வீட்டில் மாட்டி வைத்துக்கொள்ளலாம். பெல்ட்டில்தான் சிக்கல். தோள்பட்டை பெல்ட்டின் மேல்முனை தோள் உயரத்திலோ அதற்குச் சற்று மேலேயோ இருக்க வேண்டும். கீழே, இருக்கைக்குப் பின்னால் தரையில் மாட்டினால் மோதலின்போது அது தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை நசுக்கும். கூரையில்லாத காரில் தோள் உயரத்தில் தூண் எங்கே இருக்கிறது? இருக்கைகளுக்குப் பின்னால் ரோல் பார் என்ற வளைந்த குழாய்ச் சட்டம் ஒன்றை வைத்தால் கவிழும்போது தலைக்கும் காப்பு, பெல்ட்டுக்கும் பிடி.

“வண்டியின் முகமே போய்விடும் தம்பி” என்றார் அண்ணாச்சி. மேஸ்திரி உதவிக்கு வருவதாக நினைத்துக்கொண்டு, வீட்டுக்குத் தண்ணீர் போகும் ஜிஐ பைப்பில் ஒன்றரை மணி நேரத்தில் வளைத்துத் தருவதாகச் சொன்னார். அது உதவாது என்று விளக்குவதற்கு அரை நாள் போனது. 45 மில்லிமீட்டர் விட்டம், இரண்டரை மில்லிமீட்டர் தடிமன், மூட்டில்லாத உருக்குக் குழாய். தரையில் சேரும் இடத்தில் கனமான தகடு. தலை படக்கூடிய இடத்தில் பஞ்சு உறை, ஏனென்றால் சாலையில் யாரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு கார் ஓட்டுவதில்லை.

வாதத்தை முடித்தது நானில்லை. பட்டறைக்கு வந்திருந்த மதினி வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். “கம்பி வைத்தால் நானும் ஏறுவேன். இல்லையென்றால் நீங்கள் தனியாகப் போய்க்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். குழாய் வந்து, நாகர்கோவிலில் ஒரு லேத்தில் வளைத்தாகிவிட்டது. எந்த நிறம் அடிப்பது என்ற வழக்கு மட்டும் நடக்கிறது. வண்டியின் பச்சையே வேண்டும் என்கிறார் அண்ணாச்சி, கறுப்பு என்கிறார் மதினி. பெயிண்டரோ கோட்டார் சவேரியார் திருவிழா முடிந்துதான் வருவேன் என்று சொல்லி முன்பணத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.